பிரேக் இன்ஸ்பெக்டரும் வாயு பவனும்

நாமக்கல் வட்டாரத்தில் லாரி வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில், சாமி படத்துக்கு அடுத்தபடியாக ஜாக்கிரதையாகப் பேணப்படும் பொருள் எதுவென்று கேட்டால், அது பெரும்பாலும் காகிதங்கள் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் பையாகத்தான் இருக்கும். ஆர்.சி. புத்தகம், எஃப்.சி., இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட் என்று வண்டியின் ஜாதகமே அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. அந்த வண்டி தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் ஒரு நாள் பிடிமானம் இழந்து கவிழ்ந்து, டிரைவர் மாண்டுபோனால், பையில் மேலும் சில காகிதங்கள் சேர்கின்றன: முதல் தகவல் அறிக்கை, போலீஸார் எழுதிய பார்வை மகஜர், சம்பவ இடத்தின் வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அவற்றோடு நம் ஜனங்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் கொடுத்த சான்று. ‘இவ்விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததன்று’ என்கிற பொருள்பட ஒரு வாக்கியம் அச்சான்றின் கடைசியில் அநேகமாக எப்போதும் காணப்படும். அவ்வாக்கியத்தை நம்ப மறுக்கும் விதவை, வக்கீலை வைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய், பிரேக் இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றி, எந்தச் சக்கரத்தை எப்போது கழற்றிப் பார்த்தீர் என்று கேட்கலாம். கேட்கிறார்கள்; பதிலும் வருகிறது.

இதே வாக்கியம் வானத்திலிருந்து வருமானால் நிலைமை வேறு.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி முற்பகல் 11.48 மணிக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.-17 வி5 ரக ஹெலிகாப்டர் ஒன்று வெலிங்டனுக்குப் புறப்பட்டது. அங்குள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் உரையாற்றச் சென்ற முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும், அவருடைய மனைவியும், உடன் சென்றோரும் விமானக் குழுவினருமாக 14 பேர் அதில் இருந்தனர். 12.15 மணிக்கு இறங்கியிருக்க வேண்டும், 12.08 மணியளவில் சூலூர்க் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அற்றுப்போயிற்று. குன்னூருக்கு அருகே, காட்டேரியை அடுத்த நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள், மரங்களுக்கிடையே எரிந்துகொண்டிருந்த பொருளை நோக்கிக் குடத்தில் தண்ணீரும் கையில் கம்பளியுமாக ஓடினார்கள். பதின்மூவர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15-ஆம் தேதி பெங்களூரு மருத்துவமனையில் காலமானார்.

ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணைக் குழு அமைந்தது. விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவியையும் விமானி அறையின் குரல் பதிவையும் ஆராய்ந்து, சாட்சிகளை விசாரித்த அக்குழுவின் பூர்வாங்க முடிவுகளை 2022 ஜனவரி 14-ஆம் தேதி விமானப்படை ஒரு சிறு செய்திக்குறிப்பாக வெளியிட்டது. இயந்திரக் கோளாறு அன்று, நாசவேலை அன்று, அலட்சியமும் அன்று. பள்ளத்தாக்கில் எதிர்பாராத விதமாக வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்கு இடமும் திசையும் மயங்கியதால், இயந்திரம் நல்ல நிலையில் இருந்தும் அது மலையில் மோதியது என்பதே அதன் சாரம். பின்பு ஏறக்குறைய மூன்று வருஷம் மௌனம். 2024 டிசம்பர் 17-ஆம் தேதி பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கையில், 2017 முதல் 2022 வரையிலான காலத்தில் நேர்ந்த 34 விமானப்படை விபத்துகளின் அட்டவணை ஒன்று இருந்தது. விமானத்தின் பெயர், தேதி, காரணம் என்று கட்டம் போட்ட அவ்வட்டவணையில் குன்னூர் விபத்துக்கு நேராக எழுதியிருந்த காரணம், தமிழில் சொன்னால், ‘மனிதத் தவறு, விமானக் குழுவினர்’.

குறிப்பு மேகத்தைச் சொல்கிறது. அட்டவணை மனிதனைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நான் வாதிக்க வரவில்லை. மேகத்தில் மயங்கியவனும் தவறியவன்தான் என்று சாஸ்திரப்படி சொல்லிவிடலாம். ஆனால், மலைவானிலை பற்றி அன்று காலை சூலூரில் என்ன தெரிந்திருந்தது, திரும்பிவிடலாம் என்கிற யோசனை எழுந்ததா, அத்தனை பெரிய பிரமுகர் உள்ளே அமர்ந்திருந்தது அம்முடிவைப் பாதித்ததா என்கிற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த விசாரணையின் முழு அறிக்கையில்தான் இருக்க முடியும். அவ்வறிக்கையோ பொதுமக்கள் கைக்கு வரவில்லை. இறந்துபோன விமானி தம் பக்கத்தைச் சொல்லத் திரும்பி வரப்போவதில்லை. அவரைப் பற்றி அவருடைய தேசம் பகிரங்கமாக எழுதிவைத்தது, அட்டவணையின் ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று வார்த்தைகள்.

இரகசியமே கூடாதென்று சொல்வது விவேகமாகாது. ராடார் எவ்வளவு தூரம் பார்க்கும், பிரதம மந்திரி எந்த வழியில் பறப்பார், ஏவுகணை எந்த அலைவரிசையில் பேசும் என்பவற்றைச் சந்தைக்கடையில் கூவ வேண்டியதில்லை. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் நடந்த ஆகாயச் சண்டைக்குப் பிறகு, அம்மாத இறுதியில் சிங்கப்பூரில் பேசிய அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி, நம் தரப்பிலும் விமான இழப்பு உண்டென்று ஒப்புக்கொண்டு எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டார். சண்டையின் சூடு ஆறாத வேளையில் அது தவறென்று நான் கருதவில்லை. என் வழக்கு வேறு. சூடு ஆறி, சாம்பலும் குளிர்ந்து, அச்சாம்பலின் மேல் புல் முளைத்த பிறகும் கோப்பு மூடியே கிடப்பது எந்த நியாயத்தினால் என்பதே அது.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், சட்டம் நமக்கு விரோதியாக இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உளவு ஸ்தாபனங்கள் பலவற்றை ஓர் அட்டவணையில் போட்டு விலக்கி வைத்தது. ஆகாயத்திலிருந்து உளவு பார்க்கும் ஆராய்ச்சி மையம் அதில் உண்டு, ஆனால் விமானப்படை இல்லை. ஆகவே விமானப்படைத் தலைமையகமான வாயு பவன், சேலம் மாநகராட்சியைப் போலவே, மனு வாங்கிக்கொண்டு முப்பது நாளில் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலகம். இருபது வருஷங்களுக்கு முன் நடந்த சம்பவத்தின் தகவலை, மூன்று விலக்குகள் நீங்கலாக, கொடுத்தே தீர வேண்டுமென்றும் அச்சட்டம் விதிக்கிறது. அம்மூன்றில் முதலாவதுதான் எட்டாம் பிரிவின் (1)(அ): தேசத்தின் இறையாண்மை, பாதுகாப்பு, அந்நிய நாட்டுறவு. அந்தக் கதவுக்குக் காலக்கெடு என்னும் தாழ்ப்பாள் வைக்கப்படவில்லை. இருபது வருஷமாயினும் அறுபது வருஷமாயினும், பாதிப்பு வரும் என்று சொல்லி அதிகாரி மறுக்க இடமுண்டு. 1962 சீன யுத்தத்தின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இல் எழுதப்பட்டது. மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் அதைக் கேட்டுப் போராடியபோது, 2010-இல் மத்திய தகவல் ஆணையம் கொடுக்க முடியாதென்று தீர்ப்பளித்தது. நாற்பத்தேழு வருஷத்துக் காகிதம்! அதை எழுதிய மையே வெளுத்திருக்கும்.

காகிதம் ஒன்று வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2005 ஜனவரியில் ராஜஸ்தானத்தில் மிக்-21 போர்விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. அதன் விமானி குதித்து உயிர் தப்பினார். ஆனால் முதுகெலும்பில் பட்ட அடி அவரைப் போர்விமானத்திலிருந்து என்றென்றைக்கும் இறக்கிவிட்டது. தமது விமானம் ஏன் தீப்பற்றியது என்பதை அறிய அந்த அதிகாரியே, எந்தப் படையில் பணிபுரிந்தாரோ அந்தப் படையிடமே, சாதாரணப் பிரஜையைப் போலத் தகவல் உரிமை மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை முடிவு கைக்கு வந்தது: விமானியின் பிழை அன்று, தயாரிப்பு வேலையில் இருந்த குறை. அதை எடுத்துக்கொண்டு அவர் டில்லி உயர் நீதிமன்றம் சென்றார். 2017-இல் அந்நீதிமன்றம், விமானத்தைத் தயாரித்த பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் மத்திய அரசும் சேர்ந்து அவருக்கு 55 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டுமென்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பினால் எந்த எதிரி நாடாவது நம் எல்லைக்குள் ஓர் அடி முன்னேறியதாகத் தெரியவில்லை. தொப்பூர்க் கணவாயில் கணவனை இழந்தவளுக்குக் கிடைக்கும் அதே நீதி, கொஞ்சம் தாமதமாக, ஆகாயத்தில் பறந்தவனுக்கும் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி, ஒரு பழைய தேசப்படமும் பள்ளிக்கூட அளவுகோலும் கையில் உள்ளவர்கள் என்னோடு கொஞ்சம் விளையாடலாம். பெங்களூரில் ஒரு முனையும் யாழ்ப்பாணத்தில் மறு முனையுமாக அளவுகோலை வைத்துப் பென்சிலால் கோடிழுத்தால், அந்தக் கோடு நம் சேலம் ஜில்லா ஆத்தூரின் தலைமேல் செல்வதைக் காணலாம். 1987 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள், மிராஜ்-2000 போர்விமானங்கள் காவல் வர, யாழ்ப்பாணத்துக்குப் பறந்து சென்று சுமார் 25 டன் உணவையும் மருந்தையும் பாராசூட்டில் இறக்கின. அதற்கு முந்தைய நாள் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டதன் விளைவு இது. டில்லி சர்க்கார் நடத்திய அந்தக் காரியத்துக்கு வைத்த பெயர் மட்டும் பச்சைத் தமிழ்: பூமாலை. அவை என் பென்சில் கோட்டில்தான் பறந்தனவா, கிழக்கே கடலோரமாகச் சுற்றினவா, எவ்வளவு உயரத்தில், எந்த உத்தரவின் பேரில், எதிர்ப்பு வந்தால் என்ன செய்யச் சொல்லி என்பதெல்லாம் ஸ்குவாட்ரன் எனப்படும் விமானப் பிரிவுகளின் செயற்பாட்டுப் பதிவேட்டில் அன்றன்றே எழுதப்படும் விஷயங்கள். அதே வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நம் ஹெலிகாப்டர்கள் இரவில் இறக்கிவிட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் ஒருவர் தவிர அனைவரும் மாண்டார்களே, அந்த இரவின் கணக்கும் அத்தகைய பதிவேடுகளில்தான் உண்டு. தமிழ் பேசும் இரண்டு கரைகளுக்கும் இவை வெறும் ராணுவச் சரித்திரம் அல்ல, குடும்பச் சரித்திரம்.

கோப்பு மூடியிருக்கும் இடத்தில் உண்மை இறந்துவிடுவதில்லை. அது ஆளுக்கொரு விதமாகப் பேச ஆரம்பிக்கிறது. 1966 மார்ச் 5-ஆம் தேதி மிசோ மலையில் ஐசால் நகரத்தின் மேல் நம் விமானப்படையின் துஃபானி, ஹண்டர் விமானங்கள் குண்டு வீசின. ஆட்களையும் பொருள்களையும் இறக்கவே விமானங்கள் அனுப்பப்பட்டன என்பதுதான் அக்காலத்தில் சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. மிசோ மக்கள் வருஷந்தோறும் அந்த நாளைத் துக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். 2023 ஆகஸ்டில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மேல் பேசிய பிரதம மந்திரி அதைக் காங்கிரஸுக்கு எதிரான ஆயுதமாக எடுத்து வீசினார். குண்டு போட்டோம் என்பதை அன்று மறைத்தது ஒரு கட்சியின் சர்க்கார். குண்டு போட்டீர்கள் என்று இன்று குற்றம் சாட்டுவது வேறொரு கட்சியின் சர்க்கார். பதிவேட்டைத் திறந்து மேஜைமேல் வைக்கும் அதிகாரம் இருவர் கையிலும் முறையே இருந்தது, இருக்கிறது. இதில் எந்தக் கட்சிக்கும் நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் வழியாகப் போகும்போதெல்லாம் இந்த விஷயம் எனக்கு ஞாபகம் வருவதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியாக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் ஜமீன் ஊர் அது. அவருடைய மக்களில் ஒருவர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 ஜூன் முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. மற்றொருவர் மத்திய உருக்குத் துறை மந்திரியாக இருந்த மோகன் குமாரமங்கலம். மோகன், 1973 மே 31-ஆம் தேதி சென்னையிலிருந்து டில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் நிலையத்துக்கு அருகே விழுந்தபோது மாண்டவர். அதில் இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தனர். அது பயணிகள் விமானம். ஆகவே, மேகமும் புழுதியும் மறைத்த வேளையில், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்கக்கூடாத உயரத்துக்கும் கீழே விமானிகள் இறங்கிவிட்டனர் என்கிற காரணம் உலகத்துக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த வேற்றுமை அப்படியே நீடிக்கிறது. 2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. ஒரே மாதத்தில், எரிபொருள் ஸ்விட்சுகள் எந்த விநாடியில் எந்த நிலைக்கு மாறின என்பது உட்பட, பூர்வாங்க அறிக்கை வெளியாயிற்று. பயணிகள் விமானத்துக்குச் சட்டம் அப்படி. சீருடை அணிந்து பறக்கிறவனுக்கு ஏன் அதில் பாதியாவது இல்லை?

பிற நாட்டார் இதற்கு ஒரு யுக்தி கண்டிருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படையில் பெரிய விபத்து நேர்ந்தால் இரண்டு விசாரணை நடக்கும். ஒன்று உள்ளுக்குள்ளே, மீண்டும் அத்தவறு நேராதிருக்க, சாட்சிகள் அச்சமின்றிப் பேச; அது வெளிவராது. மற்றொன்று பொதுமக்களுக்காகவே எழுதப்படுவது, அது வெளியாகும். பிரிட்டனிலும் ராணுவ விமான விபத்து விசாரணைகளின் அறிக்கைகள், வெட்ட வேண்டிய வரிகள் வெட்டப்பட்டு, பிரசுரமாகின்றன. இதைவிட மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் நம் சோழவரத்திலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் ஓடுபாதைகள் போட்டுப் பிரிட்டிஷ் விமானப்படை பறந்துகொண்டிருந்தது. அப்படையின் ஸ்குவாட்ரன்களது பதிவேடுகள் லண்டனில் கியூ என்னுமிடத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டலாம். நம்மை ஆண்டவன் நம் மண்ணிலிருந்து பறந்ததன் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தபோது, வரி வசூலிக்க வந்த கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் பட்டாளத்து அதிகாரிகள். அவர்கள் நம் ஏரியையும் வாய்க்காலையும் நிலத்தின் தரத்தையும் ஜாதிகளின் வழக்கத்தையும் பற்றி மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் சர்க்காரின் அந்தரங்கக் காகிதங்களாகத்தான் பிறந்தன. சென்னை அரசாங்கமே பின்னாளில் அவற்றைப் ‘பாராமகால் ரிகார்டுகள்’ என்று தொகுதி தொகுதியாக அச்சிட்டது. நம் சரித்திர ஆசிரியர்கள் அதை வைத்துக்கொண்டுதான் அக்காலச் சேலத்தின் குடியானவனைப் பற்றி இரண்டு வார்த்தை தைரியமாகச் சொல்ல முடிகிறது.

நம் சர்க்காருக்கு இது தெரியாததன்று. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் 1997-ஆம் ஆண்டு விதிகளும், இருபத்தைந்து வருஷம் கடந்த ஆவணத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றும் வழியைச் சொல்கின்றன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த கார்கில் மறுஆய்வுக் குழு, யுத்த சரித்திரங்களை எழுதிவைக்க வேண்டிய அவசியத்தையும் ஆவணங்களைத் திறப்பதற்குத் தெளிவான கொள்கை வேண்டுமென்பதையும் வற்புறுத்திற்று. அக்குழுவின் அறிக்கையே, பாதுகாப்புக்குரிய பகுதிகள் மட்டும் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் புத்தகமாக வெளிவந்தது. வெட்டவும் வேண்டும், வெளியிடவும் வேண்டும் என்றால் எப்படிச் செய்வது என்பதற்கு அதுவே நம் வீட்டு உதாரணம். கடைசியில் 2021 ஜூன் 12-ஆம் தேதி பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் புதிய கொள்கை ஒன்றுக்கு அனுமதி அளித்தார். யுத்த நாட்குறிப்புகளும் ஸ்குவாட்ரன்களின் செயற்பாட்டுப் பதிவேடுகளும் அமைச்சகத்தின் சரித்திரப் பிரிவுக்கு வர வேண்டும். சாதாரணமாக இருபத்தைந்து வருஷத்தில் இரகசிய முத்திரை நீங்க வேண்டும். யுத்தம் முடிந்து ஐந்து வருஷத்துக்குள் சரித்திரம் தொகுக்கப்பட வேண்டும். படிக்கப் படிக்க இனிக்கிறது. ‘சாதாரணமாக’ என்னும் ஒரு வார்த்தைதான் வாழைப்பழத்து ஊசிபோல உள்ளே இருக்கிறது. அத்துடன் முத்திரையை நீக்கும் பொறுப்பு, முத்திரையைக் குத்திய இலாகாவிடமே விடப்பட்டிருக்கிறது.

பூமாலைக்கு இருபத்தைந்து வருஷம் 2012-இல் கடந்தது. கார்கில் மலைமேல் விமானப்படை பறந்ததற்கு 2024-இல் கடந்தது. 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு 29 பேரோடு காணாமற்போன ஏ.என்.-32 விமானத்தின் சிதறல்களை, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், நம் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரம் படமெடுத்த செய்தி ஏழரை வருஷம் கழித்து 2024 ஜனவரியில் வந்தது. வங்காள விரிகுடாவின் அடியாழம்கூட ஏழரை வருஷத்தில் மனம் இரங்கிற்று.

பாதுகாப்புத் தொழிற்பாதையின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்றென்று சர்க்கார் அறிவித்திருக்கிறது. நாளைக்கு நம் பட்டறைகளில் கடைந்த ஒரு புஷ்ஷோ போல்ட்டோ ஏதேனும் ஒரு ஹெலிகாப்டரில் ஏறும். அது அறுந்தால் ஏன் அறுந்தது என்று கடைந்தவனுக்குத் தெரிய வேண்டாமா?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் போஸ்டாபீஸில் பத்து ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள். எந்தத் தேதியில் நடந்த எந்தச் சம்பவம், எந்த அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முழுவதும் தர இயலாவிட்டால், பத்தாம் பிரிவின்படி, தரக்கூடிய பகுதியைப் பிரித்துத் தரும்படி ஒரு வரி சேருங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. பொதுத் தகவல் அலுவலர், விமானப்படைத் தலைமையகம், வாயு பவன், புதுடில்லி என்று விலாசமிட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தின் ஆறாம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது.